அறிந்ததைக் கூறும் கடமை

நுழையும் முன்

ஒருவர் பேராபத்து ஒன்றை முன்கூட்டியே அறிகிறார். அதற்கு ஆளாகக்கூடியவரிடம் நேரில் சென்று எச்சரிக்கிறார். கேட்டவரோ அதனை நம்பவில்லை. எனில், எச்சரித்தவர் தம் கடமையில் தவறினாரா? நம் நாட்டின் உளவு அமைப்பு ஒன்றை வழிநடத்தியவரின் வாழ்வில் எழுந்த இவ்வினாவை இப்பாடத்தில் ஆராய்வோம்.

கதையில் வருபவரும் கடமையில் இருப்பவரும்

மாணவர்களே! கொல்கத்தாவில் வளரும் உங்களுக்கு ஃபெலுடாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சத்யஜித் ராய் படைத்த அத்துப்பறிவாளர், தென் கொல்கத்தாவின் ரஜனி சென் சாலையில் வாழ்பவராகக் கதைகளில் வருகிறார். அவர் தடயங்களைத் தேடுவார், குற்றவாளியைக் கண்டறிவார், இறுதியில் அனைவர் முன்னிலையிலும் உண்மையை விளக்குவார்.

நாட்டின் உளவு அமைப்புத் தலைவரின் பணி வேறு வகையானது. பல இடங்களிலிருந்து வரும் செய்திகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மெய் எது, பொய் எது, ஐயத்திற்கு உரியது எது எனப் பிரித்தறிவதே அவரது முதற்கடமை. அவ்வாறு தெளிந்ததை ஆட்சிப் பொறுப்பில் இருப்போரிடம் அஞ்சாமல் கூறுவது இரண்டாம் கடமை. பிறரிடம் வெளியிடாமல் காப்பது மூன்றாம் கடமை.

இரண்டு அமைப்புகள்

நம் நாட்டில் உளவுப் பணிக்கென இரு முதன்மையான அமைப்புகள் உள்ளன. ஒன்று, ‘ஐ.பி.’ எனப்படும் உளவுத்துறை. இது ஆங்கிலேயர் ஆட்சியில் 1887-ஆம் ஆண்டில் தோன்றியது. இன்று உள்துறை அமைச்சகத்தின் கீழ் உள்நாட்டுச் செய்திகளைத் திரட்டுகிறது. நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில் இதன் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றவர், சென்னை மாகாணக் காவல்துறையில் பணியாற்றிய டி. ஜி. சஞ்சீவி பிள்ளை.

1962-இல் சீனாவுடனும் 1965-இல் பாகிஸ்தானுடனும் போர்கள் நிகழ்ந்தன. வெளிநாட்டுச் செய்திகளைத் திரட்டத் தனி அமைப்பு வேண்டும் என்பதை அவை உணர்த்தின. அதன் விளைவாக 1968-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் ‘ரா’ எனப்படும் ஆய்வு மற்றும் பகுப்பாய்வுப் பிரிவு உருவாயிற்று. இது அமைச்சரவைச் செயலகத்தில் இயங்குகிறது. இதன் முதல் தலைவர் ராமேஷ்வர் நாத் காவ்.

இவ்விரு அமைப்புகளுக்கும் எவரையும் கைது செய்யும் அதிகாரம் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. அறிவதும் அறிவிப்பதுமே அவற்றின் பணி. நடவடிக்கை எடுப்பது காவல்துறை, படை, அரசு ஆகியவற்றின் பொறுப்பு.

கொல்கத்தாவும் 1971-ஆம் ஆண்டும்

காவ் 1918-ஆம் ஆண்டு வாரணாசியில் பிறந்தார். காவல்துறையில் சேர்ந்து, பின்னர் உளவுத்துறைக்கு வந்தார். தம்மைப் பற்றிப் பேசுவதையும் புகைப்படம் எடுத்துக்கொள்வதையும் தவிர்த்த அவர், தன்வரலாறு எதனையும் வெளியிடவில்லை.

அவர் தலைமையேற்ற மூன்றாம் ஆண்டிலேயே பெருஞ்சோதனை வந்தது. 1971-ஆம் ஆண்டு மார்ச் திங்களில், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் அடக்குமுறை மூண்டது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவிற்குள் அடைக்கலம் தேடி வந்தனர். வங்கதேசத்தின் தற்காலிக அரசு, கொல்கத்தாவின் தியேட்டர் சாலை 8-ஆம் எண் கட்டடத்தில் இயங்கியது. அச்சாலையே இன்றைய ஷேக்ஸ்பியர் சரணி. இந்தியப் படையின் கிழக்குப் பிராந்தியத் தலைமையகம் நீங்கள் நன்கறிந்த வில்லியம் கோட்டையில் இருந்தது. எல்லைக்கு அப்பால் நிகழ்வனவற்றை அறிந்து அரசுக்குக் கூறும் பணியிலும், வங்க விடுதலைப் போராளிகளுக்குத் துணைநிற்கும் பணியிலும் காவின் அமைப்பு ஈடுபட்டது. டிசம்பர் 16-ஆம் நாள் போர் முடிந்து, வங்கதேசம் பிறந்தது.

அப்புதிய நாட்டின் தலைவர் ஷேக் முஜிபுர் ரகுமான், கொல்கத்தாவிற்கு அயலவர் அல்லர். இந்நகரின் இஸ்லாமியா கல்லூரியில் பயின்று, பேக்கர் விடுதியில் தங்கியிருந்தவர். அக்கல்லூரி இன்று மௌலானா ஆசாத் கல்லூரி என வழங்கப்படுகிறது. 1972-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்நகரின் பிரிகேட் மைதானத்தில் அவர் உரையாற்றியபோது மக்கள் பெருந்திரளாகக் கூடினர்.

ஏற்கப்படாத எச்சரிக்கை

சில ஆண்டுகளில் நிலைமை மாறியது. முஜிபுரைக் கொல்ல அவரது படையினர் சிலரே சதி செய்வதாக காவுக்குச் செய்தி கிடைத்தது. 1974-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் டாக்கா சென்று முஜிபுரை நேரில் சந்தித்து எச்சரித்தார். முஜிபுரோ, அவர்கள் தம் பிள்ளைகள் என்றும் தமக்குத் தீங்கு இழைக்கமாட்டார்கள் என்றும் கூறி அதனை ஒதுக்கிவிட்டார். காவ் அத்துடன் நின்றுவிடவில்லை. 1975-ஆம் ஆண்டு மார்ச்சில், மேலும் கிடைத்த விவரங்களுடன் தம் மூத்த அதிகாரி ஒருவரை டாக்காவிற்கு அனுப்பினார். அப்போதும் பயன் விளையவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் விடியற்காலையில், படை அதிகாரிகள் சிலரால் முஜிபுர் தம் இல்லத்தில் குடும்பத்தாருடன் கொல்லப்பட்டார். வெளிநாட்டில் இருந்த இரு மகள்கள் மட்டுமே உயிர் தப்பினர்.

காவ் இதனைப் பல ஆண்டுகள் வெளியிடவில்லை. பணியிலிருந்து விலகிய பின்னரே, கொல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘சண்டே’ என்னும் ஆங்கில வார இதழில் 1989-ஆம் ஆண்டு இதனைத் தெரிவித்தார்.

வள்ளுவர் வகுத்த நெறி

திருக்குறளின் 59-ஆம் அதிகாரம் ஒற்றாடல். ஓர் ஒற்றர் கொணர்ந்த செய்தியை மற்றொருவரைக் கொண்டு ஆராய வேண்டும் என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவரின் கூற்று ஒத்திருப்பின் நம்பலாம் என்றும் வள்ளுவர் அதில் கூறுகிறார். ‘அமைச்சு’ என்னும் 64-ஆம் அதிகாரத்தில் மேலும் ஒரு கருத்தைச் சொல்கிறார். அரசன் தானாகவும் அறியாமல், பிறர் அறிவிப்பதையும் ஏற்காமல் இருந்தாலும், நன்மையானதை எடுத்துரைப்பது அருகிருப்பவரின் கடமை என்பதே அது. காவ் இருமுறை எச்சரித்தமை இந்நெறிக்குப் பொருந்துகிறது அன்றோ?

அறிந்தவர் ஏன் முடிவெடுப்பதில்லை?

அனைத்தையும் அறிந்த தலைவரிடமே முடிவெடுக்கும் அதிகாரத்தையும் அளித்துவிடலாமே என உங்களுக்குத் தோன்றலாம். எண்ணிப் பாருங்கள். அவர் திரட்டும் செய்திகள் மறைவானவை. அவற்றை மக்கள் சரிபார்க்க இயலாது. மக்கள் அவரைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. மறைவில் அறிபவரே தண்டிக்கவும் ஆளவும் தொடங்கினால், அவர் தவறு செய்யும்போது தடுப்பார் எவர்? எனவேதான் மக்களாட்சியில் அறிவிப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் வேறொருவர் என வகுத்துள்ளனர். முடிவெடுப்பவர் மக்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்.

இவ்வேற்பாட்டிற்கும் ஒரு விலை உண்டு. நல்ல எச்சரிக்கையும் சில வேளைகளில் ஏற்கப்படாமல் போகும். ஆகவே, உண்மையை உரைக்கும் துணிவு கூறுபவருக்கு வேண்டும். விரும்பாத உண்மையையும் செவிமடுக்கும் பொறுமை கேட்பவருக்கு வேண்டும். இரண்டும் சேரும்போதே நாடு காக்கப்படுகிறது.

தெரிந்து கொள்வோம்

சென்னை லயோலா கல்லூரியில் பயின்ற எம். கே. நாராயணன் உளவுத்துறையின் இயக்குநராக இருமுறை பணியாற்றினார். பின்னர் நாட்டின் பாதுகாப்பு ஆலோசகரானார். 2010 முதல் 2014 வரை மேற்கு வங்க ஆளுநராகவும் விளங்கினார்.

சொல்லும் பொருளும்

ஒற்றர் – உளவு அறிபவர்
அடைக்கலம் – புகலிடம்
சதி – மறைவான தீய திட்டம்
அயலவர் – வேற்றிடத்தவர்
செவிமடுத்தல் – கவனமாகக் கேட்டல்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. உளவுத்துறையின் முதல் இந்திய இயக்குநர் ________.
2. ‘ரா’ அமைப்பு உருவான ஆண்டு ________.
3. ஒற்றாடல் என்பது திருக்குறளின் ________ அதிகாரம்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. உளவு அமைப்புத் தலைவரின் மூன்று கடமைகள் யாவை?
2. வெளிநாட்டுச் செய்திகளுக்குத் தனி அமைப்பு தேவைப்பட்டது ஏன்?
3. முஜிபுர் ரகுமானுக்கும் கொல்கத்தாவிற்கும் உள்ள தொடர்பு யாது?

இ. பிரித்து எழுதுக.
1. பேராபத்து
2. இவ்வினா
3. தன்வரலாறு

ஈ. சிந்தித்து எழுதுக.
உங்கள் நண்பர் ஆபத்தான செயல் ஒன்றில் இறங்குகிறார். நீங்கள் எச்சரித்தும் அவர் கேட்கவில்லை. அடுத்து நீங்கள் என்ன செய்வீர்கள்? காவின் செயலோடு ஒப்பிட்டுப் பத்து வரிகளில் எழுதுக.

உ. செயல்பாடு
1971-ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் வாழ்ந்த பெரியவர் ஒருவரைச் சந்தித்து, அந்நாள்களில் நகரம் எவ்வாறு இருந்தது எனக் கேட்டறிக. அவர் வங்க மொழியில் கூறினால், அதனைத் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.