மூச்சும் ஈட்டியும்: குத்திய மீனைப் பத்திரமாக மேலே கொண்டுவருதல்

(இளம் அறிவியல் – இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

முன்னுரை

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் பெரியோர் சொல்லிவைத்த பழமொழி. ஆனால் ஆழம் தெரிந்தவர்களும், நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும்கூட நீரில் மாண்டிருக்கிறார்கள். அதற்குக் காரணம் பல சமயம் ஆழமன்று. மூச்சின் கணக்குத் தப்பியதே ஆகும். முதுகில் காற்றுக் கலமோ, வாயில் காற்றுக் குழாயோ இல்லாமல், ஒரே மூச்சை அடக்கி மூழ்கி, ஈட்டியால் மீனைக் குத்தி மேலே கொண்டுவருவது மனிதனின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. இதில் மீனைக் குத்துவது பாதி வேலைதான். குத்திய மீனோடு உயிருடன் மேலே வருவதே மீதிப் பாதி. கடினமான பாதியும் அதுவே.

இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. என் தாய்மாமன் தூத்துக்குடியில் மூச்சடக்கிச் சங்கு குளித்தவர். பள்ளிப் படிப்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவர் பழக்கத்தால் அறிந்ததற்கெல்லாம் என் இயற்பியல் பாடநூலில் காரணம் கிடைக்கிறது. இரண்டாவது காரணம், நான் வசிக்கும் குரோம்பேட்டையைச் சுற்றியுள்ள கல்குட்டைகள். அவற்றைப் பற்றிப் பின்னர் கூறுகிறேன்.

நம் கடலில் மூச்சடக்கும் தொழில்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு கொற்கை காலம் தொட்டே நடந்துவந்தது. முத்துச் சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் காலை வைத்து விரைவாகக் கீழே இறங்குவார். அடியில் ஒரு நிமிடத்தை ஒட்டி இருந்து, சிப்பிகளை வலைப்பையில் அள்ளிக்கொண்டு கயிற்றை அசைப்பார். படகில் இருப்பவர் உடனே மேலே இழுப்பார். குளிப்போர் அனைவரும் ஒரே நேரத்தில் இறங்குவதில்லை. ஒரு பாதியினர் மூழ்க, மறுபாதியினர் இளைப்பாறுவர். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புகளே கடைசியானவை. 

ஜப்பானில் 'அமா' எனப்படும் பெண்கள் இவ்வாறே மூழ்குகின்றனர். அவர்களுள் ஒரு பிரிவினருக்குப் படகிலிருந்து கயிற்றை இழுப்பவர் பெரும்பாலும் கணவரே. மொழியும் கடலும் வேறானாலும் விதி ஒன்றாகவே இருக்கிறது: மூழ்குபவன் ஒருவன், மேலே கண்காணிப்பவன் ஒருவன். இந்த விதி ஏன் பிறந்தது?

இரண்டு வாயுக்களின் கணக்கு

மூச்சை அடக்கினால் சிறிது நேரத்தில் நெஞ்சு முட்டுகிறது. பிராணவாயு குறைந்துவிட்டதால்தான் இந்த முட்டல் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் இரத்தத்தில் கரியமில வாயு கூடுவதே முதன்மையான காரணம். அதுவே நம் உடல் அடிக்கும் எச்சரிக்கை மணி.

மூழ்குவதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சு வாங்கினால் அதிக நேரம் இருக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். சாதாரண மூச்சிலேயே நம் இரத்தம் கொள்ளக்கூடிய பிராணவாயுவை ஏறக்குறைய முழுவதும் கொண்டுவிடுகிறது. ஆகவே வேகமாக மூச்சு வாங்குவதால் பிராணவாயு அதிகம் சேர்வதில்லை. கரியமில வாயுதான் வெளியேறுகிறது. மணியின் நாக்கை அறுத்துவிட்டு வீட்டைக் காவல் காப்பது போன்ற செயல் இது. எச்சரிக்கை வருவதற்கு முன்பே பிராணவாயு தீர்ந்து மயக்கம் வந்துவிடும். அமெரிக்க ஆய்வாளர் கிரெய்க் இதனை 1961 இல் ஆய்விதழில் விளக்கினார். நம் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்ததும் அதே ஆண்டில்தான்.

மேலேறும் கடைசிப் பத்து மீட்டர்

பாயில் விதியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். வெப்பநிலை மாறாதபோது வாயுவின் கன அளவு அழுத்தத்திற்கு எதிர் விகிதத்தில் இருக்கும். நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேலே 6 லிட்டராக இருந்த நுரையீரல் காற்று 10 மீட்டரில் 3 லிட்டராகவும், 20 மீட்டரில் 2 லிட்டராகவும் சுருங்கும்.

இப்போது ஒரு கணக்கைப் பார்ப்போம். 20 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் 3 வளிமண்டலம். அங்கு ஒருவருடைய நுரையீரலில் பிராணவாயு நூற்றுக்கு 4 பங்காகக் குறைந்துவிட்டது என்று கொள்வோம். அதன் பகுதி அழுத்தம் 0.12 வளிமண்டலம். மூளைக்கு இது போதும். அவர் தெளிவாகவே இருப்பார். இதே மூச்சோடு மேலேறினால், 10 மீட்டரில் அது 0.08 ஆகும், நீர்மட்டத்தில் 0.04 ஆகும். வழியில் கைகால் அசைவுக்குச் செலவாவதைக் கழித்தால் இன்னும் குறையும். அந்த அளவில் மூளை நினைவை இழக்கிறது.

ஆகவே அடியில் நன்றாக இருந்தவர் நீர்மட்டத்தை நெருங்கும்போதோ, மேலே வந்த சில நொடிகளிலோ சத்தமின்றி மயங்கிவிடுகிறார். கடலடியில் 'இன்னும் கொஞ்சம் இருக்கலாம்' என்று தோன்றும் தெம்பு, அழுத்தம் தந்த கடன். மேலேறும் வழியில் அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்தியாக வேண்டும்.

மீன் கூட்டும் ஆபத்து

சங்கோ சிப்பியோ எடுப்பவரோடு போராடாது. மீன் போராடும். ஈட்டி பட்ட கலவா மீன் பாறைப் பொந்துக்குள் புகுந்து உடலை அகல விரித்துக்கொள்ளும். பெரிய பாறை மீன் கயிற்றோடு இழுத்துக்கொண்டு ஓடும். மீனோடு மல்லுக்கட்டும் தசைகள் பிராணவாயுவை வேகமாகச் செலவழிக்கின்றன. 'இவ்வளவு பெரிய மீனை விடுவதா' என்ற ஆசையும் சேர்ந்துகொள்கிறது. மூச்சு குறையக் குறைய மனிதனின் தீர்மானிக்கும் திறமும் குறைகிறது. எனவே எப்போது மேலேறுவது என்பதை மூழ்குவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும்.

என் மாமன் இதனைத் தம் பாணியில் சொல்வார்: "மருமகனே, மீனு இன்னைக்குப் போனா நாளைக்கு வரும். மூச்சு போனா வராது."

தென்கிழக்கு ஆசியாவின் பஜாவ் மக்கள் தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி மூழ்கி ஈட்டியால் மீன் பிடிப்பவர்கள். சிவப்பணுக்களைச் சேமித்து வைக்கும் மண்ணீரல், அண்டை ஊர் மக்களைவிட அவர்களுக்குச் சுமார் 50 விழுக்காடு பெரியது என்று 2018 இல் வெளியான ஆய்வு காட்டியது. அத்தகைய உடல் வாய்த்தவர்களும் பாயில் விதிக்குக் கட்டுப்பட்டவர்களே. நம் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

மீனைக் கொண்டுவரும் முறை

1. தனியே மூழ்கலாகாது. ஒருவர் கீழே, ஒருவர் மேலே. மேலே வந்தவரைக் குறைந்தது அரை நிமிடம் மற்றவர் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும்.

2. மூச்சின் முற்பாதியிலேயே குத்த வேண்டும். திரும்பும் நேரத்தில் எதிர்ப்படும் மீனை விட்டுவிட வேண்டும்.

3. அருகில் சென்று, தலையை ஒட்டிக் குத்த வேண்டும். உடனே அடங்கும் மீன் போராடாது. அதற்கும் துன்பம் குறைவு.

4. ஈட்டியின் கயிற்றை இடுப்பிலோ மணிக்கட்டிலோ கட்டக்கூடாது. அதனை மேலே மிதக்கும் மிதவையில் கட்ட வேண்டும். கயிறு காலில் சுற்றினால் அறுப்பதற்குக் கைக்கெட்டும் இடத்தில் கத்தி இருக்க வேண்டும்.

5. மீன் பொந்தில் புகுந்தால் இழுத்துக்கொண்டு நிற்கக்கூடாது. ஈட்டியை விட்டுவிட்டு மேலே வர வேண்டும். மூழ்கியிருந்த நேரத்தைப் போல் இருமடங்காவது இளைப்பாறி மறுபடி இறங்கலாம். மிதவை இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

6. மேலே வந்ததும் முதல் வேலை மூச்சு. மீன் அடுத்த வேலை. சில முறை நன்றாக மூச்சு வாங்கிய பின்னரே கயிற்றைத் தொட வேண்டும்.

7. மீனைப் பின்புறமாக அணுகி, கையுறை அணிந்த கைகளால் செவுள் பக்கம் இறுகப் பற்ற வேண்டும். ஈட்டி முனை உடம்பின் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்களுக்குச் சற்றுப் பின்னால் மூளையில் கத்தியை இறக்கினால் துடிப்பு அடங்கும்.

8. பிடித்த மீனை இடுப்பில் கட்டிக்கொள்ளாமல் படகில் போட்டுவிட வேண்டும். இரத்தத்தின் வாடைக்குச் சுறா வரும்.

முள்ளும் நஞ்சும்

கலவாவின் செவுள் மூடியில் கூரிய முட்கள் உண்டு. சீலாவின் பல் செத்த பிறகும் கிழிக்கும். ஓரா மீனின் முதுகு முள்ளிலும், திருக்கையின் வால் முள்ளிலும் நஞ்சு உண்டு. இந்நஞ்சுகளில் உள்ள புரதங்கள் வெப்பத்தால் சிதைபவை. ஆகையால் குத்துப்பட்ட இடத்தைத் தோல் வெந்துவிடாமல் பொறுக்கும் அளவு சூடான நீரில், ஏறத்தாழ 45 டிகிரி சென்டிகிரேடில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். பின்னர் மருத்துவரிடம் காட்ட வேண்டும். திருக்கை முள் மார்பிலோ வயிற்றிலோ தைத்திருந்தால் அதைப் பிடுங்காமல் அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

நம் ஊர்க் கல்குட்டைகள்

கடல் இல்லாத குரோம்பேட்டைக்கு இதெல்லாம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். பல்லாவரம், திரிசூலம், பம்மல், நன்மங்கலம் பக்கங்களில் கல் உடைத்துக் கைவிடப்பட்ட பள்ளங்கள் மழை நீர் நிறைந்து கிடக்கின்றன. விடுமுறை நாட்களில் இளைஞர்கள் அவற்றில் குதிக்கிறார்கள். யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்று பந்தயம் கட்டுகிறார்கள். குடைக்கம்பியைத் தீட்டி ஈட்டியாக்கி ஜிலேபி மீன் குத்தும் பையன்களும் உண்டு. பந்தயத்திற்கு முன் அவர்கள் எல்லோரும் செய்வது, வேகவேகமாக மூச்சு வாங்குவதுதான்!

கல்குட்டையில் கரை சரிந்து இறங்குவதில்லை, செங்குத்தாக இறங்குகிறது. ஏறிவரக் கால் பிடிப்பு இல்லை. கலங்கிய நீரில் மூழ்கியவனைத் துணைவனால் பார்க்க முடியாது. கரியமில வாயுவை வெளியேற்றிவிட்டவன் ஆளுயரத் தண்ணீரில்கூட மயங்குவான். அதற்கு 20 மீட்டர் ஆழம் தேவையில்லை. கடலில் இருக்கும் கயிறும், படகும், பார்த்துக்கொண்டிருக்கும் கண்களும் இங்கே இல்லை. வளைகுடாவில் பத்து பாகம் இறங்கியவரைவிட இங்கே ஒரு பாகம் இறங்குபவனுக்கு ஆபத்து அதிகம் என்று நான் துணிந்து கூறுவேன்.

ஒருவன் மயங்கிவிட்டால் உடனே முகத்தை நீருக்கு மேலே தூக்க வேண்டும். கரை சேர்த்ததும் 108 க்குத் தகவல் சொல்லச் செய்து, மூச்சு இல்லையெனில் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். அதற்கும் அசைவில்லையெனில் நடு மார்பை 30 முறை அழுத்துவதும் 2 முறை ஊதுவதுமாகத் தொடர வேண்டும். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் பொன்னான நேரத்தை வீணாக்கும்.

முடிவுரை

எழுத்தறியாத முத்துக்குளிப்போர் பகுதி அழுத்தத்தைக் கணக்கிட்டதில்லை. ஆனால் கயிற்றை மேலே ஒருவர் கையில் கொடுத்துவிட்டே இறங்கினார்கள். எத்தனையோ பேரை இழந்த பிறகே அவ்வழக்கம் நிலைபெற்றிருக்க வேண்டும். அறிவியல் அந்த வழக்கத்தை மறுக்கவில்லை. அதற்குரிய காரணத்தைச் சொல்கிறது. காரணம் அறிந்த நாம் அவர்களைவிடக் கவனமாக இருக்கக் கடமைப்பட்டவர்கள். இக்கட்டுரையைப் படிக்கும் நண்பர்கள், அடுத்த விடுமுறையில் கல்குட்டைக்குக் கிளம்பும் தம்பிகளைத் தடுத்து நிறுத்தி, வேக மூச்சின் தீமையை மட்டுமாவது எடுத்துச் சொன்னால், பாயில் விதியை நாம் தேர்வுக்காக மட்டும் படிக்கவில்லை என்றாகும்.