பெயரை எத்தனை தரம்தான் கேட்பீர்கள்?

ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்ததும் மாவனல்லைப் பக்கத்து ஆண்கள் பலர் செய்யும் முதல் வேலை, கடையில் புது பிளேட் ஒன்று வாங்குவது. மறுநாள் குடல் இறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை என்றால், முதல்நாள் இரவே வயிற்றிலிருந்து தொடை வரை மழமழவென்று வழித்துவிட்டு வருவார்கள். "எல்லாம் கிளீனா வழிச்சிட்டேன் மிஸ்" என்று சொல்லும்போது முகத்தில் பெரிய நிம்மதி தெரியும். தாதியான நான் பார்ப்பது வேறு. அந்தத் தோலில் கடுகு கடுகாகச் சிவந்த புள்ளிகள்.

மயிரில்தான் கிருமி இருக்கிறது, மயிர் போனால் கிருமியும் போகும் என்பது நம்பிக்கை. உண்மை இதற்கு நேர்மாறு. பிளேட் தோலைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் கீறுகிறது. தோலின்மேல் சும்மா கிடந்த கிருமிகள் அந்தக் கீறல்களில் இறங்கி, இரவு முழுதும் பெருகி, காலையில் கத்தி வைக்கும் இடத்திலேயே காத்திருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டல் இதில் கண்டிப்பாக இருக்கிறது. மயிரை அப்படியே விட வேண்டும். இடைஞ்சலாக இருந்தால் மட்டும் கிளிப்பர் மெஷினால் கத்தரிக்க வேண்டும். சவரம் வீட்டிலும் வேண்டாம், வார்டிலும் வேண்டாம், தியேட்டரிலும் வேண்டாம். என் தலைமுறைத் தாதிமாருக்கு இது எளிதில் மனதில் ஏறவில்லை. நாங்கள் பயிற்சியில் படித்தது வழிக்கத்தான். சவர்க்கார நுரையும் ரேசருமாகக் கட்டில் கட்டிலாக நானே போயிருக்கிறேன். நல்லது செய்வதாக நம்பித்தான் செய்தோம். அதனால் பிளேட்டோடு மினக்கெட்டு வருகிறவர்களை நான் ஏசுவதில்லை. அடுத்த தடவை வீட்டில் யாருக்காவது ஒப்பரேஷன் என்றால் இதைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.

வழிக்கும் அந்த நேரத்துக்கு நன்றாக ஒரு குளிப்புக் குளியுங்கள். பைப் தண்ணியோ, தோட்டத்துப் பீலித் தண்ணியோ, சாதாரண சவர்க்காரமே போதும். தொப்புளையும் அக்குளையும் மடிப்புகளையும் மறக்க வேண்டாம். காயத்தில் சேரும் கிருமிகளில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருபவை அல்ல. நோயாளியின் சொந்தத் தோலிலும் மூக்கிலும் குடலிலும் குடியிருப்பவை. தியேட்டர் தரை மினுங்குவதையும் டெட்டோல் மணப்பதையும் பார்த்து நிம்மதி அடைகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். தரை சுத்தமாக இருக்கத்தான் வேண்டும். ஆனால் தரையிலிருந்து எழும்பி யாருடைய வயிற்றுக்குள்ளும் கிருமி போவதில்லை. பெரும்பாலும் கை கொண்டுபோகிறது, இல்லையென்றால் நோயாளியின் உடம்பிலிருந்தே போகிறது.

கை என்றதும் கயிறு நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊரில் மூன்று சனமும் கயிறு கட்டுகிறது. ஒருவர் மணிக்கட்டில் பிரித் நூல், அடுத்தவர் புஜத்தில் தாயத்து, இன்னொருவருக்குச் சாமிக்கயிறு. தோட்டத்து அம்மாமாருக்கு எல்லாவற்றுக்கும் மேலாகத் தாலி. அதைக் கழற்றச் சொன்னதும் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். கழற்றினால் உள்ளே ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் விளையாட்டல்ல. ஆனால் காரணம் இருக்கிறது. பழைய நூல் ஈரத்தையும் அழுக்கையும் பிடித்து வைத்திருக்கும். இரத்தக் கசிவை நிறுத்த நாங்கள் மின்சாரக் கருவி பாவிக்கிறோம். உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் வெந்துபோக வாய்ப்புண்டு. மயக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியவும் வராது. தாலிக்குப் பதிலாகப் புது மஞ்சள் கயிறு மட்டும் இருக்கட்டுமா என்று வார்டிலேயே, நேரத்தோடு கேளுங்கள். கேட்டால் வழி பிறக்கும். கேட்காமல் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வருவதுதான் ஆபத்து.

இனி, எனக்கு மிக முக்கியமான விடயத்துக்கு வருகிறேன்.

"இன்னமும் எத்தின தரம் கேக்கிய மகள்?" என்றார் ஒரு உம்மா. வார்டில் ஒரு தரம், தியேட்டர் வாசலில் ஒரு தரம், மேசையில் படுத்த பிறகு இன்னொரு தரம் அவருடைய பெயரைக் கேட்டிருந்தோம். என்ன ஒப்பரேஷன், எந்தப் பக்கம் என்றும் கேட்டோம். பலருக்கும் வருவது அவருக்கு வந்த பயம்தான்: இவர்களுக்கு என் பெயர்கூட ஞாபகம் இல்லையே, இவர்களிடமா வயிற்றைக் கொடுப்பது?

ஞாபகத்தை நம்பக்கூடாது என்பதற்காகத்தான் கேட்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் சத்திரசிகிச்சைக்கென்று 19 விடயங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்தது. மயக்க மருந்து கொடுக்குமுன் ஒரு தரிப்பு, கத்தி வைக்குமுன் ஒரு தரிப்பு, நோயாளி தியேட்டரை விட்டு வெளியேறுமுன் ஒரு தரிப்பு. புது தில்லி முதல் தன்சானியாவின் இஃபாகரா வரை எட்டு நகரங்களின் எட்டு வைத்தியசாலைகளில் இதைச் செய்து பார்த்தார்கள். வைத்தியர் அதுல் கவாண்டேயின் குழு 2009 ஜனவரியில் முடிவை வெளியிட்டது. இறப்பு 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகவும், சிக்கல்கள் 11 வீதத்திலிருந்து 7 வீதமாகவும் இறங்கியிருந்தன. புது மருந்து எதுவும் கொடுத்து அல்ல. நின்று, வாய்விட்டுக் கேட்டு, பதில் வாங்கி.

எங்கள் பகுதியில் இந்தக் கேள்விக்கு இன்னொரு கனம் இருக்கிறது. ஒரே வார்டில் இரண்டு லெட்சுமியும் மூன்று பாத்திமாவும் இருப்பார்கள். "நீங்கள்தானே லெட்சுமி?" என்று கேட்டால், பயத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். அந்தக் கேள்வி சிங்களத்தில் வந்து, விளங்காமல் போனால் இன்னும் மோசம். மரியாதைக்காகவே "ஓவ், ஓவ்" என்று சொல்லிவிடுவார். ஆகவே நல்ல தாதி "உங்கள் பெயர் என்ன?" என்றுதான் கேட்பாள், பெயரைத் தன் வாயால் எடுத்துக் கொடுக்க மாட்டாள். நீங்களும் தலையை ஆட்டாமல், முழுப்பெயரையும், என்ன ஒப்பரேஷன் என்பதையும், எந்தப் பக்கம் என்பதையும் உங்கள் வாயால் சொல்லுங்கள். காலில் பேனையால் அம்புக்குறி போட்டிருந்தால் அழுக்கென்று துடைத்துவிடாதீர்கள். சம்மதப் படிவத்தில் எழுதியிருப்பது விளங்காவிட்டால், தமிழ் தெரிந்த ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. அதைக் கேட்பதால் யாருக்கும் நீங்கள் தொல்லை கொடுக்கவில்லை.

வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கும் ஒன்று. "ஒரு மணித்தியாலம் என்றார்கள், இன்னும் முடியவில்லையே" என்று கதிகலங்க வேண்டாம். தையல் போடுமுன் துணித் துண்டுகளையும் ஊசிகளையும் கருவிகளையும் இருவர் சேர்ந்து, சத்தமாக எண்ணுவோம். தொடக்கத்தில் எழுதி வைத்த கணக்கோடு ஒன்று குறைந்தாலும் தேடுவோம். அந்தத் துணிகளில் எக்ஸ்ரேயில் தெரியும் ஒரு இழை ஓடுகிறது. தேவைப்பட்டால் படமும் எடுப்போம். அந்தப் பத்து நிமிடத்தை எங்களுக்குத் தாருங்கள்.

எங்கள் கேகாலை மாவட்டம் ரப்பர் வெட்டும் மாவட்டம். அதனால் கையுறையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு தனி விருப்பம் உண்டு. விடியலில் பால் வெட்டப் போகும் கைகளுக்கும் தியேட்டரில் நிற்கும் என் கைகளுக்கும் நடுவில் அந்த மரத்தின் பால்தான் இருக்கிறது. கையுறை நோயாளியைக் காப்பதற்கென்று பிறந்ததும் அல்ல. அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையின் தியேட்டர் தாதி கரோலின் ஹாம்ப்டனின் கை, கிருமிநாசினித் திரவத்தால் வெந்து புண்ணானது. அதைப் பார்த்த சத்திரசிகிச்சை வைத்தியர் ஹால்ஸ்டெட், 1889 அளவில் குட்இயர் ரப்பர் கம்பனியிடம் மெல்லிய கையுறை செய்யச் சொன்னார். ஒரு தாதியின் கையைக் காக்க வந்தது, பிறகு உலகத்து நோயாளிகளையெல்லாம் காத்தது.

"கையுறைதான் போட்டிருக்கிறார்களே, பிறகென்ன கை கழுவுதல்?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். கையுறையில் கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கலாம். ஊசியும் எலும்பு முனையும் குத்தும். கையுறைக்குள் வியர்க்கும் கையில் கிருமி பெருகும். ஆகவே போடுமுன் இரண்டு முதல் ஐந்து நிமிடம் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை தேய்க்கிறோம். கழற்றிய பிறகும் கழுவுகிறோம். இந்த அறிவு பழையதும் அல்ல. வியன்னாவில் வைத்தியர் செம்மல்வைஸ் 1847இல் கை கழுவச் சொன்னபோது வைத்தியர்கள் பலர் அதை ஏற்கவில்லை. சத்திரசிகிச்சை வைத்தியர் லிஸ்டர், கிருமியைக் கொல்லும் கார்போலிக் அமிலத்தைப் பற்றி எழுதியது 1867இல். அதே ஆண்டில்தான் மானிப்பாயில் வைத்தியர் கிறீன் 'இரண வைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் வெளியிட்டார். தமிழில் சத்திரசிகிச்சை படிக்க முடிந்த அந்தக் காலத்தில்கூட, கிருமி என்ற எண்ணம் உலகத்துக்குப் புதிதாகத்தான் இருந்தது.

ஸ்பிரிட் கலந்த கைத்திரவத்தைப் பாவிப்பது ஹராமா என்று எங்கள் ஊரில் கேட்கிறார்கள். மருந்துகளில் தேவைக்கு மதுசாரம் சேர்வதை 2002 ஜனவரியில் மக்காவில் கூடிய இஸ்லாமிய பிக்ஹு சபை அனுமதித்தது. மனம் ஒப்பாதவர்கள் சவர்க்காரமும் தண்ணீரும் பாவிக்கலாம்.

தியேட்டர்க் குளிர் கிருமியைக் கொல்லும் என்பதும் தவறு. ஒஸ்திரியாவில் 200 குடல் சத்திரசிகிச்சை நோயாளிகளில் செய்து 1996இல் வெளியான ஆய்வில், உடம்பு குளிர்ந்துபோனவர்களில் 19 வீதமானோருக்குக் காயத்தில் தொற்று வந்தது. சூடாக வைத்திருந்தவர்களில் 6 வீதம்தான். குளிர்ந்தால் காயத்துக்கு இரத்த ஓட்டம் குறைகிறது. நடுங்கினால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காமல் போர்வை கேளுங்கள்.

கருவிகளைக் கொதிக்க வைத்தால் போதும் என்பார்கள். போதாது. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். சில கிருமிகளின் வித்துகள் 100 பாகையிலும் சாகாது. அதனால்தான் அழுத்தத்தோடு 121 அல்லது 134 பாகை நீராவி.

அன்டிபயோடிக் ஊசி ஏழு நாள் போட்டால்தான் காயம் பழுக்காது என்பதும் தவறுதான். தேவையான ஒப்பரேஷன்களில், கத்தி வைக்குமுன் இரண்டு மணித்தியாலத்துக்குள் போடும் ஊசியே காயத்தைக் காக்கிறது. பிறகு காரணமில்லாமல் நீட்டினால் மருந்துக்கு அடங்காத கிருமியைத்தான் வளர்ப்போம்.

வீட்டுக்குப் போன பிறகு தொடங்குவது கிரந்திக் கதை. முட்டை, மீன், கத்தரிக்காய், தக்காளி எல்லாம் கிரந்தி, காயம் சீழ் பிடிக்கும் என்று ரசமும் சோறுமாக இரண்டு கிழமை போடுவார்கள். தையல் போட்ட சதை புரதத்தால்தான் கூடுகிறது. வைத்தியர் குறிப்பாகத் தடுக்காவிட்டால் முட்டையும் மீனும் பருப்பும் கொடுங்கள். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் கறிக்கு நல்லவை, காயத்தில் வேண்டாம்.

தரும் மருந்தின் போத்தலை முடியும்வரை எறியாதீர்கள். 2023 ஏப்ரலில் நுவரெலியாவில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலரின் பார்வை பாதிக்கப்பட்டபோது, சந்தேகம் போய் நின்றது பின்னர் இட்ட பிரெட்னிசலோன் சொட்டு மருந்தில். அது பாவனையிலிருந்து விலக்கப்பட்டது. போத்தலில் உள்ள தொகுதி இலக்கம் இல்லையென்றால் அப்படியொன்றைத் தேடிப் பிடிப்பது கடினம்.

தையல் வெட்டியதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களே அதிகம். காயத் தொற்று 30 நாள் வரை வரலாம். உள்ளே தகடோ செயற்கை மூட்டோ வைத்திருந்தால் 90 நாள் வரை கவனிக்கிறோம். பால் வெட்டும் ஒரு தங்கச்சி சிசேரியனுக்குப் பிறகு பன்னிரண்டாம் நாள் வந்தார். மூன்று நாளாகக் காயம் சிவந்து, சூடாகி, நீர் கசிந்திருக்கிறது. கிளினிக் திகதி இன்னும் வரவில்லையே, முன்னாலேயே போனால் ஏசுவார்களோ என்று வீட்டில் இருந்துவிட்டார். காயத்தைத் திறந்து, சுத்தம் செய்து, ஆறுவதற்கு மேலும் பல கிழமைகள் எடுத்தன.

அன்றிலிருந்து, வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவரின் கிளினிக் கொப்பியிலும் ஒப்பரேஷன் நடந்த நாளிலிருந்து முப்பதாவது நாளின் திகதியைச் சிவப்புப் பேனையால் எழுதி, கீழே தமிழில் மூன்று சொல் சேர்க்கிறேன்: சிவந்தால், கசிந்தால், காய்ந்தால். காய்ச்சலைத் தோட்டத்தில் 'காயுது' என்றுதான் சொல்வார்கள். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வீட்டுக் கலண்டரில் அந்த நாளை வட்டம் போடச் சொல்கிறேன். அதற்கிடையில் இந்த மூன்றில் ஒன்று நடந்தால், திகதி பார்க்காமல் வாருங்கள்.