கடற்கரைக் கருமணலும் நம் உடல்நலமும்

மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களிலிருந்து வரும் குடும்பத்தினர் பலர், “அம்மாவுக்குப் புற்றுநோய் வந்ததற்கு எங்கள் ஊர் மணல்தான் காரணமா?” என்று கேட்பதுண்டு. அம்மணல் எவ்வாறு அங்கு வந்தது என்பதை அறிந்தால், விடையும் தெளிவாகும்.

மலைப்பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து துகள்களாகின்றன. ஆறுகள் அவற்றைக் கடலில் சேர்க்கின்றன. முறத்தில் புடைக்கும்போது பதர் பறந்து நெல் தங்குவதுபோல, அலைகள் இலேசான வெண்மணலை அடித்துச் செல்ல, கனமான கனிமங்கள் கரையில் தங்குகின்றன. அவற்றுள் ஒன்றான மோனசைட்டில் தோரியம் என்னும் கதிரியக்கத் தனிமம் உள்ளது.

தோரியம் நீரில் எளிதில் கரைவதில்லை. மணல் நகர்ந்தால் அதுவும் நகரும். மணல் தங்கினால் அதுவும் தங்கும். அது சிதையும்போது தோன்றும் ரேடியம் உப்புநீரில் ஓரளவு பிரிந்து செல்லக்கூடியது. அடுத்துத் தோன்றும் தோரான் ஒரு வாயு. ஏறத்தாழ 56 நொடிகளில் அதில் பாதி சிதைந்துவிடும். ஆகவே, கரையில் வாழ்வோரின் உடலை அடைவது பெரும்பாலும் மணலிலிருந்து வெளிப்படும் காமாக் கதிர்களே.

இத்தகைய மணல் நிறைந்த கேரளத்தின் கருநாகப்பள்ளியில், ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவுகள் 2009ஆம் ஆண்டில் வெளிவந்தன. இக்கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாக அவ்வாய்வில் தெரியவில்லை. கதிர்வீச்சு முற்றிலும் தீங்கற்றது என்பது இதன் பொருளன்று. சிறுகச் சிறுகப் பெறும் இவ்வளவால் கண்டறியத்தக்க மிகுதி தென்படவில்லை என்பதே பொருள்.

எனவே நீங்கள் செய்ய வேண்டியவை இவை:

• வீட்டுத் தரைக்கும் சுவருக்கும் கருமணலைப் பயன்படுத்தாதீர்கள்.

• சன்னல்களைத் திறந்து வைத்துக் காற்றோட்டம் பேணுங்கள்.

• புகையிலையை எவ்வடிவிலும் தவிருங்கள். வாய், நுரையீரல் புற்றுநோய்களுக்கு அது ஐயமற்ற காரணம்.

• இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, இயல்புக்கு மாறான இரத்தப்போக்கு ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவரை அணுகுங்கள்.

“எல்லாம் மண்ணின் வினை” என்று எண்ணிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதே நான் அஞ்சும் தீங்கு. அந்த ஊரில் வாழ்ந்ததற்காக எவரும் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை. உரிய காலத்தில் வாருங்கள். தொடக்க நிலையில் கண்டறிந்தால், புற்றுநோய்கள் பலவற்றைக் குணப்படுத்த இயலும்.