திரை உறைந்தால் கணினி மெதுவானதா?

மேல்நிலை வகுப்பில் பைதான் படிக்கும் மாணவர்கள் டிகேஇண்டர் கொண்டு சிறு செயலிகள் உருவாக்கும்போது ஒரு சிக்கல் அடிக்கடி எழும். பொத்தானை அழுத்தியதும் திரை உறைந்துவிடும். "கம்ப்யூட்டர் ஸ்லோ சார்" என்று சொல்லி மாணவர் கணினியையே அணைக்கப் போவார். அப்போது எழுதிக்கொண்டிருந்த மதிப்பெண் பட்டியல் பாதியில் நின்றுபோகலாம். பழி கணினி மேல் விழுகிறது. காரணமோ நிரலின் அமைப்பில் இருக்கிறது. இதைப் புரியவைக்கத் திருபுவனையில் என் வகுப்பில் நான் பின்பற்றும் முறையை இங்கே தருகிறேன்.

கருத்து

டிகேஇண்டர் செயலியின் முதன்மை இழை, மெயின்லூப் என்னும் சுழற்சியில் இயங்குகிறது. சுட்டியின் சொடுக்கு, விசை அழுத்தம், திரையை மீண்டும் வரைதல் ஆகிய அனைத்தும் அங்கே வரிசையில் நின்று ஒவ்வொன்றாகக் கவனிக்கப்படும். பொத்தானுக்குரிய செயற்கூறு 10 விநாடி ஓடினால் வரிசை முழுவதும் 10 விநாடி நிற்கும். ஒரு சாளரம் சுமார் 5 விநாடி பதில் தராவிட்டால் விண்டோஸ் அதை உறைந்ததாகக் கருதி 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று காட்டும்.

செயல்பாடு 1: கணினி இல்லாமல்

ஒரு மாணவரை அஞ்சலக எழுத்தராக அமர்த்துங்கள். மற்றவர்கள் சீட்டுடன் வரிசையில் வரட்டும். ஒரு சீட்டில் '1 முதல் 100 வரை எழுதுக' என்று இருக்கட்டும். எழுத்தரே எழுதத் தொடங்கினால் வரிசை நின்றுவிடும். அடுத்த சுற்றில், அந்த வேலையைத் துணையாளரிடம் கொடுத்துவிட்டு எழுத்தர் வரிசையைக் கவனிக்கட்டும். துணையாளர் பத்துப் பத்து எண்ணுக்கு ஒரு துண்டுச் சீட்டைப் பெட்டியில் போட, எழுத்தர் இடையிடையே அதைப் பார்த்துக் கரும்பலகையில் குறிக்கட்டும். துணையாளர் கரும்பலகையைத் தொடக்கூடாது என்பதே விதி.

செயல்பாடு 2: கணினியில்

ஒரு பொத்தான், ஓர் உரைப்பெட்டி, ஒரு லேபிள் போதும். முதலில், பொத்தானின் செயற்கூறில் ஸ்லீப் கட்டளையால் 10 விநாடி நிறுத்துங்கள். அந்நேரத்தில் உரைப்பெட்டியில் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள், எழுத்து தோன்றாது. பிறகு அதே வேலையை த்ரெட்டிங் தொகுதி வழியே தனி இழைக்கு மாற்றுங்கள். அந்த இழை தன் முன்னேற்றத்தைக் கியூவில் இடட்டும். முதன்மை இழை ஆஃப்டர் கட்டளையால் 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை கியூவைப் பார்த்து லேபிளை மாற்றட்டும். இப்போது தட்டச்சு தடைப்படாது.

ஆசிரியர் கவனத்திற்கு

கியூ காலியாக இருந்தால் கெட் கட்டளை காத்திருக்கும். திரை மீண்டும் உறையும். காத்திராத கெட்_நோவெயிட் கட்டளையையே பயன்படுத்த வேண்டும். வேலை முடியும்வரை பொத்தானை முடக்கி வைக்காவிட்டால், மறுபடி அழுத்தும்போது அதே வேலை இரண்டாம் முறையும் தொடங்கும். தனி இழை வேலையை விரைவாக முடிக்காது. 10 விநாடி 10 விநாடிதான். மாறுவது பயனரின் நிலை: வேலை நடக்கிறது என்பது அவருக்குத் தெரிகிறது. பதில் வர 10 விநாடிக்கு மேலானால் பயனரின் கவனம் சிதறும் என்று யாக்கோப் நீல்சன் 1993-இல் எழுதினார். முன்னேற்றத்தைக் காட்டுவது அதனால்தான் அவசியம்.

மதிப்பீடு

"வகுப்பின் மதிப்பெண்களைக் கணக்கிட்டுக் கோப்பில் எழுதும் செயலியில் எந்த வேலை எந்த இழைக்கு உரியது? ஏன்?" என்று கேளுங்கள். நிரல் வரிகளைவிட, மாணவர் சொல்லும் காரணத்துக்கே கூடுதல் மதிப்பெண் வழங்கலாம்.