கழுத்துத் தமனியும் ஒலிப் பரிசோதனையும்

தறியிலிருப்பவரின் கை திடீரெனச் சோர்ந்து நாடா நழுவுகிறது; பேச்சும் குழறுகிறது. கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. பித்த மயக்கம் எனக் கருதி நாம் வேலையைத் தொடர்கிறோம். அங்கத்தினர்களே, இது பெருந்தவறு. பின்வரும் பக்கவாதத்திற்கு இதுவே முன்னறிவிப்பாகலாம்.

மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகள் நான்கு. கழுத்தின் முன்புறம் இரண்டு, முதுகெலும்பையொட்டி இரண்டு. முன்புறத் தமனி ஒவ்வொன்றும் தாடைக்குக் கீழே இரு கிளைகளாகப் பிரிந்து, ஒன்று மூளைக்கும் மற்றொன்று முகத்திற்கும் செல்கின்றது. வாய்க்கால் பிரியுமிடத்தில் வண்டல் தங்குவதை உழவர் அறிவர். அவ்வாறே இப்பிரிவிடத்தில் கொழுப்புப் படிகின்றது. அதன் துணுக்கோ, அதன்மீது உறைந்த இரத்தமோ பெயர்ந்து மூளையின் சிறு குழாயை அடைத்தால் பக்கவாதம் நேரும்.

இதைக் கத்தியின்றிக் காண்பது எங்ஙனம்? வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி மனிதர் செவிக்கு எட்டாது, அதுவே அல்ட்ராசவுண்டு. கழுத்தில் பசை தடவி, கருவியால் அவ்வொலியை உட்செலுத்தினால், அதன் எதிரொலி குழாயின் சுவரையும் படிவையும் படமாகக் காட்டும். ஓடும் இரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வு மாறுபடும். 1842-இல் ஆஸ்திரிய அறிஞர் கிறிஸ்டியன் டாப்ளர் கூறிய இவ்விதியைக் கொண்டு இரத்தத்தின் வேகத்தை அளக்கின்றனர். குறுகிய மடையில் நீர் விரைவதுபோல, குறுகிய தமனியில் இரத்தம் விரையும். வேகம் வினாடிக்கு 125 செ.மீ.க்குக் குறைவாயின் பொதுவாகப் பெருங்குறுகல் இல்லை, 230 செ.மீ.யைத் தாண்டினால் 70 சதவீதமோ அதற்கு மேலோ குறுகியிருக்கலாம். முற்றிலும் அடைபட்டால் ஓட்டமே இராது. ஆகவே படத்தையும் வேகத்தையும் சேர்த்தே முடிவு செய்வர்.

இதனால் பயன் யாது? அறிகுறி தோன்றி, 70 சதவீதத்திற்கு மேல் குறுகல் உடையோரைப் பற்றிய வட அமெரிக்க ஆய்வு ஒன்று 1991-இல் வெளியாயிற்று. இரண்டாண்டுகளில், அதே பக்கத்துப் பக்கவாதம் மருந்து மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 26 பேருக்கும், படிவை அகற்றும் அறுவை செய்துகொண்டோரில் 9 பேருக்கும் நேரிட்டது. மருந்துகள் பின்னர் மேம்பட்டுள்ளன. எனினும் காலந்தாழ்த்தாமை இன்றும் இன்றியமையாதது.

அறிகுறியே இல்லாத அனைவரும் இப்பரிசோதனைக்கு ஓட வேண்டுவதில்லை. அவசியமற்ற அறுவையும் அபாயமுடையது. வைத்தியர் கூறினால் மட்டும் செய்துகொள்க. ஆனால் முகம் கோணுதல், கை சோர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், அது மறைந்துவிட்டாலும், அப்போதே மருத்துவமனை செல்க. புகையிலையை விலக்கி, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அடக்கி வைப்போமாக. அறுந்த இழையைப் புணைக்கலாம்; அழிந்த மூளைப் பகுதியை மீட்டல் அரிது.