ஆங்கில வினையின் எதிர்காலம்

கேள்வி: ஆங்கிலத்தில் இறந்தகாலத்தைச் சொல்ல வினைச்சொல்லே உருமாறுகிறது. எதிர்காலத்துக்கு மட்டும் 'வில்', 'ஷல்' என்று வேறொரு சொல்லைத் துணைக்கு அழைப்பானேன்? இவை எங்கிருந்து வந்தன?

பதில்: ஆதியில் ஆங்கில வினைக்கு எதிர்காலம் என்று தனியே ஓர் உருவம் இருந்ததே இல்லை. 'நாளை வருகிறேன்' என்று நாம் சொல்லிவிட்டுப் போவதைப் போல, அக்காலத்து ஆங்கிலேயரும் நடக்கப்போவதை நிகழ்கால உருவத்தாலேயே சொல்லி, சந்தர்ப்பத்தைக் கொண்டு பொருளை விளங்கிக்கொண்டார்கள். 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ஃப்ரிக் என்னும் துறவி, லத்தீன் பயிலும் சிறுவர்களுக்காகத் தம் தாய்பாஷையில் இலக்கணம் எழுதப் புகுந்தபோது, லத்தீனில் ஒரே சொல்லாக நிற்கும் 'நிற்பேன்' என்பதற்கு நேரான உருவம் அகப்படாமையால், இப்போதோ வேறொரு சமயத்திலோ நிற்கிறேன் என்ற கருத்துப்படச் சுற்றி வளைத்தே பொருள் கூற நேர்ந்தது.

அந்தக் குறையை நிரப்ப வந்த இரு சொற்களும் முதலில் காலத்தைக் காட்டியவை அல்ல. 'ஷல்' என்பது கடன்பட்டிருத்தலையும், அதன் வழியே, செய்தே தீரவேண்டிய கடமையையும் குறித்தது. 'வில்' விருப்பத்தைக் குறித்தது. கடன்பட்டவன் கொடுத்தாக வேண்டும், விரும்பியவன் செய்ய முற்படுவான். ஆகவே கடமையும் விருப்பமும் நாளடைவில் தேய்ந்து, இனி நடக்கும் என்ற பொருள் மாத்திரம் எஞ்சியது. ஆயினும் பழம்பொருள் அடியோடு மறைந்துவிடவில்லை. தம் சொத்து இன்னாரைச் சேரவேண்டும் என்ற விருப்பத்தை ஒருவர் எழுதிவைக்கும் பத்திரத்துக்கு ஆங்கிலத்தில் 'வில்' என்றே பெயர். நம் பத்திரப்பதிவு ஆபீசுகளில் 'உயில்' என்று வழங்குவதும் அச்சொல்லே.

தன்மையிடத்தில் 'ஷல்' வெறும் எதிர்காலத்தையும் 'வில்' வாக்குறுதியையோ அச்சுறுத்தலையோ காட்டும், முன்னிலை படர்க்கைகளில் இது தலைகீழாகும் என்ற பிரசித்தமான விதியை, ஆக்ஸ்ஃபோர்டில் கணிதப் பேராசிரியராயிருந்த ஜான் வாலிஸ் 1653இல் லத்தீனில் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்தில் எழுதிவைத்தார். பள்ளிக்கூட நூல்கள் அதைச் சிரமேற்கொண்டு பரப்பின. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, அமெரிக்கா ஆகிய தேசங்களின் பேச்சோ அதற்குக் கட்டுப்படாமல் பெரும்பாலும் 'வில்'லையே மேற்கொண்டது. பன்னிரண்டு காலங்கள் என்று கட்டம் போட்டு நம் பிள்ளைகளை நெட்டுருப் பண்ணவைக்கும் ஆசிரியர்கள், வினை தானே உருமாறுவது இரண்டு காலங்களுக்குத்தான், மற்றவை துணைவினைகளின் சேர்க்கை என்று முதல் நாளே சொல்லிவிட்டால், பாதி பயம் அப்போதே நீங்கும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

வேறு பொருளுடைய சொல் எதிர்காலத்தைக் காட்ட வரும் இந்த மாறுதல் 'ஷல்', 'வில்' இரண்டுடன் நின்றுவிடவுமில்லை. 'போகிறேன்' என்று பொருள்படும் 'கோயிங் டு' என்ற தொடரும், நடந்து போதல் என்ற பொருளை விட்டு, 17ஆம் நூற்றாண்டுக்குள்ளேயே எதிர்காலத்தைக் காட்டத் தொடங்கிவிட்டது. தமிழில் 'செய்யப் போகிறேன்' என்பதும் இதே வகைதான்.