கல்லறை இல்லாத அப்பாவுக்கு

எங்கள் தெருவில் இருக்கும் இத்தாலியப் பாட்டியின் அப்பா, 1940-இல் கைதாகி, கனடாவுக்குக் கொண்டுபோன கப்பலோடு மூழ்கிப்போனாராம். கல்லறைகூடக் கிடையாது என்று அழுகிறார். நாங்கள் என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ஃபாரஸ்ட் கேட், லண்டன்

பாட்டியைக் கிளார்க்கன்வெல்லில் உள்ள புனித பேதுரு இத்தாலியத் தேவாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், சகோதரி. உங்கள் ஸ்டேஷனிலேயே எலிசபெத் லைன் ஏறி ஃபாரிங்டனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். 'அரண்டோரா ஸ்டார்' கப்பலில் இறந்த இத்தாலியர்களுக்கு அங்கே 1960-இல் நினைவுச்சின்னம் வைத்தார்கள். ஆண்டுதோறும் நவம்பரில் அவர்களுக்காகத் திருப்பலியும் நடக்கிறது.

பாட்டி சொல்வது அநேகமாக இந்தக் கப்பலைத்தான். 1940 ஜூன் 10-ஆம் தேதி முசோலினி போர் அறிவித்த இரவே கைதுகள் தொடங்கிவிட்டன. காபிக் கடைக்காரர், ஐஸ்கிரீம் விற்றவர், ஹோட்டல் பணியாளர் என்று பல காலம் இங்கேயே உழைத்தவர்களைப் பிடித்துப் போனார்கள். லிவர்பூலில் புறப்பட்ட கப்பலை ஜூலை 2 அன்று அயர்லாந்துக்கு மேற்கே ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. மேல்தளத்தில் முள்கம்பி வேலி, படகுகளும் போதவில்லை. 440-க்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் இறந்தார்கள். உடல் கிடைக்காத துக்கம் எவ்வளவு காலம் ஆறாது என்பதை நம் ஈழத்துக் குடும்பங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்ததாக, கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'எச்ஓ 396' என்ற வரிசையைக் கேளுங்கள். தடுப்புக்காவலில் இருந்தவர்களின் அட்டைகள் அதில் உண்டு. பிறந்த தேதியையும் சொந்த ஊரையும் முன்பே பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஜூசெப்பே என்பவர் ஜோசப் என்று பதிவாகியிருக்கலாம். இரண்டு பெயரிலும் தேடுங்கள்.